கராஜ் கதவு திறக்கும் சனிக்கிழமைகள்

வட அமெரிக்காவில், வீட்டுக் கராஜில் (கார் நிறுத்தும் அறையில்) பழைய பொருள்களை விற்கும் கராஜ் விற்பனையிலும் உழவர் சந்தையிலும் சந்தித்த மனிதர்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இவை.

மேடிசன், விஸ்கான்சின்

அமெரிக்காவின் நடுமேற்கில் குடியேறும் நம்மவர்கள் முதலில் சொல்லும் குறை, பக்கத்து வீட்டுக்காரரின் முகமே தெரியவில்லை என்பதுதான். கார் கராஜுக்குள் போகும், கதவு இறங்கும், அவ்வளவுதான். பனிக்காலம் ஓய்ந்து மே மாதம் பிறந்ததும் அதே கதவு சனிக்கிழமை காலையில் திறந்து கிடக்கும். உள்ளே மேசை போட்டு, பீங்கான் தட்டு, பழைய புத்தகம், பிள்ளைகள் ஓட்டி முடித்த சைக்கிள் என்று விலைச்சீட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். தெருமுனையில் அட்டையில் கையால் எழுதிய அம்புக்குறி நிற்கும். அந்த அம்புக்குறிகள் காட்டிய வழியில் போய்த்தான் நான் இந்த ஊரின் மனிதர்களை அறிந்தேன்.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர், கண்ணாடி ஜாடிகள் விற்ற ஒரு மூதாட்டி. ஒரு பெட்டி ஜாடியை எடுத்ததும், இதில் என்ன போடப் போகிறாய் என்று கேட்டார். தக்காளித் தொக்கு என்றேன். எண்ணெய் சேர்ப்பாயா, பூண்டு சேர்ப்பாயா, எத்தனை மாதம் வைப்பாய் என்று கேள்விமேல் கேள்வி. பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய்ப் பழுப்பேறிய ஒரு கையேட்டுடன் வந்தார். புளிப்பு மிகுந்த பழங்களை ஜாடியில் அடைத்துக் கொதிநீரில் மூழ்கவைத்தால் போதும். பீன்ஸ், சோளம், இறைச்சி ஆகியவற்றுக்கு அழுத்தக் கலன் கட்டாயம். இல்லையென்றால் காற்றுப் புகாத ஜாடிக்குள் பாட்டுலிசம் என்னும் நோயைத் தரும் கொடிய நஞ்சு உருவாகும். தக்காளி இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், அரை லிட்டர் ஜாடிக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தே ஆக வேண்டும். அதுவும் பாட்டிலில் விற்கும் சாறு, ஏனென்றால் அதன் புளிப்பு மாறாது. எண்ணெயும் பூண்டும் போட்ட உன் தொக்கை அலமாரியில் வைக்காதே, குளிர்பெட்டியில் வை என்று கண்டிப்பாகச் சொன்னார். வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்கள், அவர் கவலைப்படவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியின் வீட்டுப் பிள்ளைகள் நலமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு அக்கறை.

இன்னொன்று, இங்குள்ள சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றிச் சனிக்கிழமைதோறும் கூடும் டேன் கவுன்டி உழவர் சந்தை. 1972இல் தொடங்கியது. விற்கும் பொருள் விஸ்கான்சினில் விளைந்ததாக இருக்க வேண்டும், விளைவித்தவரே மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது அதன் விதி. இந்த விதியின் அருமை எனக்கு ஓர் ஆப்பிள்காரரிடம் தெரிந்தது. அந்த வருடம் மரம் பூத்த நேரத்தில் உறைபனி விழுந்து பூ கருகிவிட்டது. இலையுதிர்காலத்தில் அவர் மேசை பாதி காலி. இருந்ததும் சிறிய, புள்ளி விழுந்த பழம். பூ கருகிய இரவைப் பற்றி வருகிறவர் எல்லோரும் கேட்டார்கள், அவரும் சலிக்காமல் சொன்னார். ஒருவர்கூட விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. பெரிய கடையில் வாங்கினால் பனி பெய்ததே நமக்குத் தெரியாது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: கராஜ் விற்பனையில் பேரம் பேசலாம், மதியத்துக்கு மேல் அவர்களே பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். உழவர் சந்தையில் பேரம் பேசாதீர்கள். மேடிசனில் ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் மாணவர்களின் வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து, சோபாவும் மேசையும் தெருவோரத்தில் இலவசமாகக் கிடக்கும். மெத்தையை மட்டும் எடுக்காதீர்கள், மூட்டைப்பூச்சி வரும்.

செயின்ட் பால், மின்னசோட்டா

நான் எழுதுவது என் அம்மாவின் சந்திப்பைப் பற்றி. அம்மா திருநெல்வேலியிலிருந்து ஒரு கோடையில் வந்திருந்தார். இங்கே கிடைக்கும் காய்கறியைப் பார்த்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கீரை என்றால் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த பசலை ஒன்றுதான் என்று முடிவு கட்டியிருந்தார்.

நகர மையத்தில் கூடும் உழவர் சந்தைக்கு அழைத்துப் போனேன். அங்கே கடை போடுபவர்களில் ஏராளமானோர் ஹ்மோங் மக்கள். லாவோஸ் மலைகளில் வாழ்ந்தவர்கள். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் பக்கம் நின்று போரிட்டு, 1975க்குப் பிறகு மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்குத் தப்பி, அங்கிருந்து இந்தப் பனிப் பிரதேசத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் மேசையில் பாகற்காய், எலுமிச்சைப்புல், முழ நீளத் தட்டைக்காய், காந்தாரி போன்ற சின்ன மிளகாய், பூசணிக் கொடியின் இளங்கொழுந்து எல்லாம் இருக்கும். அம்மா ஒரு கட்டின் முன்னால் நின்றுவிட்டார். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். "இது மணத்தக்காளி அல்லவா?" என்றார்.

மணத்தக்காளியேதான். கடைக்காரப் பாட்டிக்கு அம்மா வயது இருக்கும், ஆங்கிலம் இரண்டு மூன்று சொற்கள்தான். பக்கத்தில் நின்ற பேத்தி மொழிபெயர்த்தாள். எங்கள் வீட்டில் கசப்புக் கீரை என்று சாறு வைத்துக் குடிப்போம் என்றார் பாட்டி. நாங்கள் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ப்போம், வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் நல்லது என்றார் அம்மா. பேத்திக்குப் பாசிப்பருப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் கைப்பேசியில் படம் காட்டினேன். பாட்டி தலையாட்டினார். அதற்குப் பிறகு எங்கள் இருவரையும் அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. கீரையைக் கிள்ளும் விதத்தைக் கையால் காட்டிக்கொண்டார்கள். காய் எங்கே என்று அம்மா விரல் நுனியைக் குவித்துக் கேட்டதும், பாட்டி புரிந்துகொண்டு, அடுத்த வாரம் என்பது போலக் கையை வீசினார்.

சொன்னபடி அடுத்த வாரம் பச்சைக் காய் ஒரு பை நிறைய வைத்திருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் காயை மோரும் உப்பும் போட்டு ஊறவைத்து, எங்கள் அடுக்ககத்துப் பால்கனி வெயிலில் காயவைத்து, வறுத்த வற்றலை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனார். பாட்டி ஒன்றை வாயில் போட்டார், பிறகு பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அந்தக் கோடை முழுவதும் அம்மா வாரநாளை எண்ணிக்கொண்டிருந்தார். என்னோடு பேசியதைவிட அந்தப் பாட்டியோடுதான் அதிகம் பேசினார் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த எல்லா வசதிகளையும்விட அம்மாவுக்குக் கிடைத்த அந்தத் தோழமைக்குத்தான் நன்றியோடு இருக்கிறேன்.

பேத்தி சொன்ன ஒரு செய்தியும் மனத்தில் தங்கிவிட்டது. அவர்கள் பயிரிடுவது சொந்த நிலம் அல்ல. புறநகரில் வருடக் குத்தகை. நிலக்காரர் வீடு கட்ட விற்றுவிட்டால், பல ஆண்டுகள் உரமிட்டு வளப்படுத்திய மண்ணை விட்டுப் போக வேண்டும். இப்போது ஹ்மோங் அமெரிக்க விவசாயிகள் சங்கம் நகருக்குத் தெற்கே 155 ஏக்கரில் தன் உறுப்பினர்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு நிலம் தருகிறது. அந்தக் கீரைக் கட்டை வாங்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அயோவாவின் ஒரு சிற்றூர்

எங்கள் ஊரில் மருத்துவமனை ஒன்று, பள்ளி ஒன்று, தானியக் கிடங்கு ஒன்று. ஜூலை வந்தால் ஊர்க்கோடி வீட்டு வாசலில் மேசை போட்டு இனிப்புச் சோளம் குவித்திருப்பார்கள். காவலுக்கு யாரும் இல்லை. ஒரு தகரப்பெட்டி மட்டும். காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு நாள் என்னிடம் இருபது டாலர் தாள்தான் இருந்தது. எடுக்காமல் திரும்பும்போது டிராக்டரில் வந்த உரிமையாளர், சோளம் நாளைக்குக் காத்திருக்காது, காசு காத்திருக்கும் என்று சொல்லி என் கையில் திணித்தார். பறித்த நொடியிலிருந்து சோளத்தின் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும், அன்றே வேகவைக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

பெயரும் ஊரும் வேண்டாம்

எல்லாமே இனிப்பாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஒரு கராஜ் விற்பனையில் நானும் மனைவியும் மேசைக்கு மேசை நகர, வீட்டுக்காரர் எங்கள் பின்னாலேயே வந்தார். மற்றவர்கள் பின்னால் போகவில்லை. மகள் ஒரு பொம்மையைத் தொட்டதும் "வாங்குவதானால் மட்டும் தொடு" என்றார். குழந்தைக்கு ஆறு வயது. நாங்கள் எதுவும் பேசாமல் வெளியே வந்தோம். எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அதைப் பார்த்திருக்க வேண்டும். சாலையைக் கடந்து வந்து, தன் பெயரைச் சொல்லி, எங்கள் பெயரைக் கேட்டார். அவர் இன்றும் எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு வருகிறார். ஆனாலும் அந்த முதல் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் மகள் மறுபக்கம் பார்க்கிறாள். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

நாக்ஸ்வில், டென்னசி

127ஆம் நெடுஞ்சாலை விற்பனையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! மிச்சிகனில் தொடங்கி அலபாமா வரை ஆறு மாநிலங்களில் 690 மைல் நீளத்துக்குச் சாலையோரமெங்கும் கடைகள். ஆகஸ்ட் முதல் வியாழன் ஆரம்பித்து ஞாயிறு வரை. 1987இல் டென்னசியின் ஃபென்ட்ரஸ் கவுன்டியில் முளைத்த யோசனை: பெருஞ்சாலையில் விரைந்து போகிறவர்களைச் சிற்றூர்களின் பக்கம் திருப்ப வேண்டும் என்று. அது பலித்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு தேவாலயப் பெண்கள் தங்கள் முற்றத்தில் சோற்றுக்கடை போட்டிருந்தார்கள். அந்த நான்கு நாள் வருமானத்தில்தான் கூரையைப் பழுது பார்த்தோம் என்று ஒருவர் நிமிர்ந்து காட்டினார். துருப்பிடித்த கலப்பையிலிருந்து மணப்பெண் உடை வரை எல்லாம் கிடைக்கும். சில்லறை நிறைய எடுத்துப் போங்கள், தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள்.

ஸ்கார்பரோ, டொரன்டோ

எங்கள் தெருவில் கராஜ் விற்பனை என்றால் பாதிப் பேர் கன்று வாங்கத்தான் வருவார்கள். யாழ்ப்பாணத்தில் வளவு நிறைய மரக்கறி வைத்திருந்த என் மாமி, மார்ச் மாதமே நிலவறையில் விளக்கு வைத்து மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளை முளைக்கவைப்பார். மே மாதப் பின்பாதியில் விடுமுறையாக வரும் விக்டோரியா தினம் வரை வெளியே நடமாட்டார். அதற்கு முன் நட்டால் இரவுப் பனி ஒரே மூச்சில் கருக்கிவிடும். மே கடைசியில் கராஜைத் திறந்து, பழைய உடுப்புகளுக்குப் பக்கத்தில் கன்றுத் தட்டுகளை அடுக்குவார். இத்தாலியப் பெரியவர் ஒருவர் வருடம் தவறாமல் வந்து, தன் தக்காளி விதையைக் கொடுத்து எங்கள் நீளக் கத்தரியை வாங்கிப் போவார். இருவரும் கதைப்பது முழுக்க மண்ணைப் பற்றித்தான், சில வேளை சண்டை பிடிப்பது போலவும் இருக்கும். போன வருடம் பெரியவருக்கு முழங்கால் அறுவை நடந்து வர முடியவில்லை. மாமி தள்ளுவண்டியில் கன்றுகளை ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், அவர் யன்னலோரம் இருந்து கையைக் காட்டிச் சொன்ன இடத்தில் ஒவ்வொன்றாக நட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

செயின்ட் பால் நண்பருக்கு: மணத்தக்காளி பழுத்தவுடன் பழத்தைப் பிசைந்து, தண்ணீரில் அலசி, விதையை நிழலில் காயவைத்தால் அடுத்த வசந்தத்துக்கு உதவும். உங்கள் அம்மா மறுபடி வருவதற்குள் பால்கனித் தொட்டியிலேயே வளர்த்துவிடலாம்.