யூட்டாவின் செம்பாறை நிலம்: வில்டர்னஸ் அறிவிப்பு வேண்டுமா?

செம்பாறை:
யூட்டா மாநிலத்தின் நிலத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் அமெரிக்க ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. அதில் 80 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பாறைப் பள்ளத்தாக்குகளை, 1964ஆம் ஆண்டின் வில்டர்னஸ் சட்டப்படி, சாலையும் எந்திரமும் நுழையாத நிலமாக அறிவிக்கக் கோரும் மசோதாவின் முதல் வடிவம் 1989இல் வந்தது; இன்றுவரை அது நிறைவேறவில்லை. நிறைவேற வேண்டும் என்பதே என் கருத்து. அங்கே நடந்தவர்கள், மணல் கறுத்து, மேடும் பள்ளமுமாகப் பொருக்குத் தட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். நீலப்பச்சைப் பாசியும் லைக்கனும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள பொருக்கு அது. ஒரு ஜீப் ஒரே முறை ஏறிப் போனாலும் அந்தத் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் உடைந்த இடத்திலிருந்து காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும்.

எமரிவாசி:
பொருக்கைப் பற்றி நண்பர் சொன்னது உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சட்டம் ஜீப்போடு நிற்பதில்லை. மிதிவண்டிக்கும் அனுமதியில்லை. வேறு மாநிலங்களின் வில்டர்னஸ் காடுகளில், பாதையின் குறுக்கே மரம் விழுந்தால், எதிரெதிரே இருவர் நின்று இழுக்கும் கைரம்பத்தால்தான் பெரும்பாலும் அறுக்கிறார்கள். இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல் பள்ளிக்கூட நிலம். யூட்டா 1896இல் மாநிலமானபோது, 36 சதுர மைல் கொண்ட ஒவ்வொரு நிலத் தொகுதியிலும் நான்கு சதுரங்கள், தலா 640 ஏக்கர், பள்ளிகளின் வருமானத்துக்கென்று கொடுக்கப்பட்டன. வரைபடத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிக் கிடக்கின்றன. சுற்றியுள்ள நிலம் முழுவதையும் வில்டர்னஸ் ஆக்கிவிட்டால், போக வழியில்லாத சதுரத்தை யார் குத்தகைக்கு எடுப்பார்கள்? ஒன்றிய நிலத்துக்கு, நம் மாவட்டம் போன்ற கவுண்டியின் நிர்வாகம் சொத்துவரி போடவும் முடியாது. அதற்கு ஈடாக வரும் தொகை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்குவதைப் பொறுத்தது.

செம்பாறை:
பள்ளி நிலம் குறித்த கவலை நியாயமானது. அதற்கான விடையும் உங்கள் கவுண்டியிலேயே கிடைத்திருக்கிறது. 2019 மார்ச்சில் கையெழுத்தான டிங்கல் சட்டம் எமரி கவுண்டியில் ஏறத்தாழ 6,60,000 ஏக்கரை வில்டர்னஸ் ஆக்கியபோது, உள்ளே சிக்கிய பள்ளி நிலங்களை வேறிடத்து ஒன்றிய நிலத்தோடு மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. மேய்ச்சலும் நின்றுவிடாது, முன்பிருந்த மேய்ச்சல் தொடரலாம் என்று 1964ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

வழித்துணை:
இருவரிடமும் ஒரு கேள்வி. அதிபர் ஒரு நிலப்பரப்பைத் தேசிய நினைவுச்சின்னம் என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தாலே போதுமான காப்பு கிடைத்துவிடாதா?

செம்பாறை:
கிடைக்காது. யூட்டாவின் கிராண்ட் ஸ்டேர்கேஸ் எஸ்கலான்டே நிலப்பரப்பை 1996இல் கிளின்டன் அவ்வாறு அறிவித்தார். 2017இல் டிரம்ப் அதைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தார். 2021இல் பைடன் பழைய எல்லையை மீட்டார். காங்கிரஸ் அறிவித்த வில்டர்னஸை அப்படி ஓர் ஆணையால் சுருக்க முடியாது. காங்கிரஸே வேறு சட்டம் இயற்ற வேண்டும். யூட்டாவில் ஒன்றிய அரசு வைத்திருக்கும் 1.85 கோடி ஏக்கரைக் கேள்விக்குள்ளாக்கி மாநில அரசு 2024இல் உச்ச நீதிமன்றம் வரை போனதையும், 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்ததையும் பார்த்த பிறகு, உறுதியான சட்டம் தேவையில்லை என்று என்னால் இருக்க முடியவில்லை.

எமரிவாசி:
எமரியைக் காட்டியதற்கு நன்றி. நான் சொல்ல வந்ததும் அதுதான். அந்த எல்லைக்கோடு கவுண்டி ஆணையர்களும் பண்ணையாளர்களும் ஜீப் ஓட்டுபவர்களும் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசியதன் விளைவு. 80 லட்சம் ஏக்கர் மசோதாவையோ செனட்டில் பல ஆண்டுகளாகக் கொண்டுவந்தவர் இல்லினாய் மாநிலத்தின் டிக் டர்பின். யூட்டாவின் செனட்டர்கள் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஒன்றிய நிலச் சட்டப்படி, வில்டர்னஸ் ஆக்கலாமா என்று பார்க்க ஆய்வு நிலங்களாக ஒதுக்கப்பட்ட லட்சக்கணக்கான ஏக்கர், காங்கிரஸின் முடிவுக்காக இன்னும் காத்துக் கிடக்கிறது. முதலில் கவுண்டி வாரியாக அவற்றுக்கு முடிவு காண்போம். அந்தப் பேச்சில் கலந்துகொள்ள நான் தயார்.

செம்பாறை:
கவுண்டி வாரியாகப் போவதில் எனக்கு மறுப்பில்லை. ஆய்வு நிலத்தோடு நிறுத்திக்கொள்வதை மட்டும் ஏற்க முடியாது. ஆய்வு நிலத்துக்கு முடிவு வரும்வரை இடைக்காலக் காப்பாவது உண்டு; அந்தப் பட்டியலில் விடுபட்ட பள்ளத்தாக்குகளுக்கு அதுவும் இல்லை. எமரியில் ஆனதுபோலப் பேசி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகுமென்றால், அதுவரை அவற்றில் புதிய தடம் விழாமலிருக்க என்ன ஏற்பாட்டை உங்கள் தரப்பு ஒப்புக்கொள்ளும்?