காந்தலூரில் அறுந்து போகாத இணையம் வேண்டும், வழி சொல்லுங்கள்

வணக்கம். இடுக்கி மாவட்டம் காந்தலூரில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ஆனால் மழையோடு காற்றும் சேர்ந்தால் யூகலிப்டஸ் கிளை விழுந்து கேபிள் அறுந்துவிடும், மோடத்தில் லாஸ் விளக்கு (ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரியும். சரிசெய்ய மறையூரில் இருந்து ஆள் வர வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒருவரே எத்தனை மலைதான் ஏறுவார்? திரும்பத் திரும்ப ஒட்டுப் போட்டதில் கேபிளில் வரும் ஒளியின் அளவு மைனஸ் 29 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) வரை இறங்கிவிட்டது. மைனஸ் 27-க்குக் கீழே போனாலே இணைப்பு நிலையாக இருக்காது. வெயில் நாளிலும் வேகம் இல்லை.

தங்கைக்கு ஆன்லைன் தேர்வு நெருங்குகிறது, அதுதான் பெரிய கவலை. அப்பாவுக்கும் வடுகபட்டிச் சந்தையின் பூண்டு விலை அன்றன்றே தெரிய வேண்டும்.

2023-இல் தொடங்கிய கேரள அரசின் ஃபைபர் இணையமான கேஃபோன் இந்தப் பக்கம் யார் வீட்டிலாவது இருக்கிறதா? வேகம் எப்படி?

அப்புறம், எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மறையூரில் மாமா வீடு நேராகத் தெரியும். இரண்டு பக்கமும் கம்பியில்லாமல் இணைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் வைத்து அங்கிருந்து இணைப்பைக் கொண்டுவரலாமா? பனிமூட்டத்தில் தாங்குமா? மலைப் பகுதியில் இப்படிச் செய்து பார்த்த அண்ணன்மார், அக்காமார் எந்தக் கருவி, என்ன செலவு என்று தயவுசெய்து சொல்லுங்கள்.