மங்கிய மேடை ஒளியில் ராக் நிகழ்ச்சி: கேமராவை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

கேள்வி

சிறிய அரங்குகளில் நடைபெறும் ராக் நிகழ்ச்சிகளை மேடைக்கு அருகிலிருந்து படமெடுத்து வருகிறேன். ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) கொண்ட கேமராவும், அதனுடன் வந்த 18-55 மி.மீ. எஃப்/3.5-5.6 (எஃப் எண் குறைந்தால் ஒளித்துளை பெரிது) லென்ஸும் என்னிடம் உள்ளன. தானியங்கி முறையில் எடுத்தால் ஷட்டர் வேகம் 1/30 நொடிக்கு இறங்கி, பாடகரின் முகமும் கைகளும் கலங்கிவிடுகின்றன. பின்னணி கருமையாக இருந்தாலோ, முகம் விவரமின்றி வெளுத்துப்போகிறது. ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) 1600க்கு மேல் உயர்த்தத் தயக்கமாக உள்ளது. ஃபிளாஷுக்கு அனுமதியில்லை. எதை மாற்றுவது பயன் தரும்?

மறுமொழி 1

லென்ஸைத்தான் மாற்ற வேண்டும். 55 மி.மீட்டரில் உங்கள் லென்ஸின் துளை எஃப்/5.6க்கு மேல் திறக்காது, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோ ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும் என்பதால், இப்போது 1/30 நொடியில் எடுக்கும் அதே காட்சியை, ஐஎஸ்ஓவைத் தொடாமலேயே 1/250 நொடியில் எடுத்துவிடலாம். லென்ஸிலோ கேமராவிலோ உள்ள அதிர்வுக் குறைப்பு வசதியை இதற்கு மாற்றாகக் கருத வேண்டாம். அது உங்கள் கையின் நடுக்கத்தைத் தடுக்குமே தவிர, பாடகரின் துள்ளலைத் தடுக்காது.

எஃப்/1.8இல் குவியத்தின் ஆழம் (தெளிவாகப் பதியும் தொலைவின் வீச்சு) மிகக் குறைவு என்பதால், கேமராவைத் தானே தேர்ந்தெடுக்க விட்டால் அது பெரும்பாலும் மைக்கைத்தான் பிடிக்கும். ஒற்றைக் குவியப் புள்ளியைக் கண்ணின் மீது வையுங்கள். ஐஎஸ்ஓ 3200, 6400 என உயர்த்தத் தயங்க வேண்டாம். அதனால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தோன்றும் இரைச்சலை மென்பொருளால் பெருமளவு குறைக்கலாம், கலங்கிய முகத்தை மீட்பது அரிது.

மறுமொழி 2

லென்ஸ் குறித்து உடன்படுகிறேன். ஆனால் முகம் வெளுப்பதற்கு லென்ஸ் காரணமன்று. சட்டகத்தின் பெரும்பகுதி கருமையாக இருக்கையில், ஒளிமானி அந்தக் கருமையையும் நடுத்தரச் சாம்பலாக்க முயல்வதால், ஒளிவிளக்கின் கீழ் நிற்கும் முகம் எல்லை மீறிப்போகிறது. ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு பகுதியின் ஒளியை மட்டும் அளக்கும் முறையில்) முகத்தை மட்டும் அளந்து, மேனுவல் முறையில் அந்த அளவுகளை நிலைநிறுத்திவிடுங்கள். விளக்குகள் நொடிக்கு நொடி மாறினாலும், முதன்மைப் பாடகர் மீது விழும் ஒளி பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பி வரும். ஒவ்வொரு மாற்றத்தையும் துரத்தினால் நல்ல தருணங்கள்தான் கைநழுவும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. சிவப்பு ஒளியில் முகம் வெறும் சிவப்புத் திட்டாகிவிடுகிறது. ஓசையற்ற ஷட்டரில் எடுத்த படங்களில் குறுக்குப் பட்டைகள் விழுகின்றன.

மறுமொழி 3

பட்டைகளுக்கான விடை எளிது. எல்இடி விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன; மின்னணு ஷட்டர் சென்சாரை வரிசை வரிசையாகப் படிப்பதால் அந்தத் துடிப்பு பட்டையாகப் பதிகிறது. இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். அப்போதும் தெரிந்தால் வேகத்தை 1/125 நொடிவரை குறைத்துப் பாருங்கள். பாடகர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது உடல் சற்றே அசைவற்று நிற்கும். அந்தக் கணத்துக்கு இவ்வேகம் போதும். டிரம்ஸ் கலைஞருக்கு 1/500 தேவைப்படலாம், ஆயினும் முகம் தெளிவாக இருந்து குச்சிகள் மட்டும் கலங்குவதே எனக்குப் பிடித்தமானது.

சிவப்பு ஒளிதான் உண்மையான தொல்லை. சென்சாரின் புள்ளிகளில் நான்கில் ஒரு பங்கே சிவப்புக்கு உரியது; அவை நிரம்பி வழியும்போதும் பொது ஹிஸ்டோகிராம் (ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடம்) பாதுகாப்பாகவே தோன்றும். ஆகவே மூன்று வண்ணங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, சிவப்பு வலப்பக்கம் முட்டாதபடி ஒளியளவைக் குறைத்து, ரா கோப்பாகவே (சென்சாரின் தரவைச் சுருக்கித் திருத்தாமல் வைக்கும் வடிவில்) பதிவு செய்யுங்கள். பின்னர் வண்ணம் தேறாவிட்டால் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளலாம். முதல் மூன்று பாடல்களுக்கு மட்டுமே மேடை முன்பகுதியில் படமெடுக்க விடும் வழக்கம் பல இடங்களில் இருப்பதால், இவற்றையெல்லாம் முதல் பாடல் முடிவதற்குள் சரிசெய்துவிட வேண்டும்.