சாமி கும்பிட்டால் ஊர் மாறுமா?

அவினாசிக்காரி:
கல்லூரியில் படிக்கும் என் மகன் கேட்கிறான்: "மழைக்காக மாரியம்மனுக்குத் தீர்த்தக்குடம் எடுத்தீங்களே, குட்டைக்குத் தண்ணி கொண்டு வந்தது அத்திக்கடவுத் திட்டம்தானே?" திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது உண்மைதான். ஆனால் நான் கும்பிடுவதை விடவில்லை. அவனுக்கு என்ன சொல்வது?

நம்பியூர் அண்ணன்:
பையன் கேட்டது சரிதானுங்க அம்மிணி. பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுவது மோட்டார். ஆனால் அந்தத் தண்ணீருக்காக உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தவர்களிலும் திருநீறு பூசியவர்கள் இருந்தார்கள். கும்பிட்டுவிட்டு வீட்டிலேயே இருந்திருந்தால் குழாய் வந்திருக்காது.

ஈரோட்டு வாத்தியார்:
கும்பிட விடாத கதையையும் சொல்லுங்கள். 1924இல் இன்றைய கேரளத்து வைக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்காகக் கேட்டது கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமையை மட்டும்தான். பிற்காலத்தில் கடவுளே இல்லை என்ற எங்கள் ஊர்ப் பெரியார் அதற்காகச் சிறை போனார். அதை ஆதரித்த காந்தியோ தினமும் பிரார்த்தனை செய்தவர். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்ததே 1939இல்தான். பக்தி தானாக யாருக்கும் கதவைத் திறந்துவிடவில்லை. (என் மனைவி வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறாள், அது வேறு பஞ்சாயத்து.)

அவினாசிக்காரி:
நன்றிங்க அண்ணா, சார். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கும்பிட்டதால்தான் என் கை நடுக்கம் நின்றது. அதை மகனிடம் வாதாடி நிரூபிக்க முடியாது, வேண்டவும் வேண்டாம். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) அவனைக் கூட்டிப் போகிறேன். எல்லாத் தெருவுக்காரர்களும் கோயில் முன் நடும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற முடிகிறதா என்று பெரியவர்களிடம் அவனே கேட்கட்டும்.