எக்ஸ்போர்ட் பண்ணியும் மேக் கமாண்ட் எக்ஸ்86லயே போய் நிக்குது, ஏன்?

டெர்மினல்தம்பி:
மக்களே, உபுண்டு லேப்டாப்ல ராஸ்பெர்ரி பை 4க்கு 64 பிட் கர்னல் பில்ட் பண்ணப் பாக்குறேன். கிராஸ் கம்பைலர் (லேப்டாப்ல இருந்தே பைக்கு பில்ட் பண்ற கம்பைலர்) ஆப்ட்லயே போட்டாச்சு. எந்த ப்ராசசர்னு சொல்ற ஆர்ச், எந்த கம்பைலர்னு சொல்ற கிராஸ்_கம்பைல், இந்த ரெண்டு வேரியபிளையும் எக்ஸ்போர்ட் பண்ற குட்டி ஸ்க்ரிப்ட் ஒண்ணு எழுதி, டாட் ஸ்லாஷ் போட்டு ஓட்டிட்டுதான் மேக் அடிக்கிறேன், ஆனா பை 4க்கான பிசிஎம்2711 டெஃப்கான்ஃபிக்கை (ரெடிமேட் செட்டிங்ஸ் ஃபைல்) லேப்டாப் ப்ராசசருக்கான ஆர்ச்/எக்ஸ்86 ஃபோல்டருக்குள்ள தேடிட்டு காணோம்ங்குது. ஸ்க்ரிப்டுக்குள்ள எக்கோ போட்டா வேல்யூ கரெக்டா வருது!

பைட்பாண்டி:
டாட் ஸ்லாஷ் போட்டா அது தனி ப்ராசஸ்ல ஓடும் ப்ரோ, அங்க செட் பண்ணது அதோடயே போச்சு, உங்க ஷெல்லுக்கு ஒண்ணும் வராது. சோர்ஸ் கமாண்ட் போட்டு ஓட்டுங்க, அப்புறம் அதே டெர்மினல்லயே மேக் அடிங்க. இன்னொண்ணு, ஆர்ச்ல ஆர்ம்64, ஆனா கிராஸ்_கம்பைல்ல போடற ப்ரிஃபிக்ஸ் ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னு-, கடைசி ஹைஃபனை விட்டுடாதீங்க, மேக்ஃபைல் அதோட வால்லதான் ஜிசிசி (கம்பைலர்), எல்டி (லிங்கர்)னு ஒட்டும். இதையெல்லாம் ஒவ்வொரு டெர்மினல் திறக்கும்போதும் ஓடுற பேஷ்ஆர்சில கொண்டுபோய் போடாதீங்க, நாளைக்கு லேப்டாப்புக்கே எதாவது மாட்யூல் பில்ட் பண்ணும்போது மண்டை காயும்.

டெர்மினல்தம்பி:
சூப்பர் ப்ரோ, கர்னல் ஓடிட்டிருக்கு. ஆனா என்னோட சின்ன சி ப்ரோக்ராம், அதே டெர்மினல்ல சிசி வேரியபிளையும் (எந்த சி கம்பைலர்னு சொல்றது) எக்ஸ்போர்ட் பண்ணிட்டுதான் மேக் அடிச்சேன், ஃபைல் கமாண்ட்ல பாத்தா எக்ஸ்86-64னு காட்டுது?

கர்னல்கிறுக்கன்:
மேக்ஃபைல்ல சிசி = ஜிசிசினு ஒரு வரி இருக்கும் பாருங்க. மேக்ஃபைலுக்குள்ள எழுதினதுதான் ஜெயிக்கும், என்விரான்மெண்ட்ல வர்றது எடுபடாது. மேக் கமாண்ட் லைன்லயே சிசி=ன்னு குடுத்தா அது ரெண்டையும் தூக்கி சாப்ட்ரும். சொந்த மேக்ஃபைல்தானே, அந்த வரில ஜிசிசிக்கு முன்னாடி $(கிராஸ்_கம்பைல்) சேத்துடுங்க, வேலை முடிஞ்சுது.

அப்புறம் மாட்யூல்ஸ் இன்ஸ்டால் பண்றப்போ சூடோ போடுவீங்கல்ல, அங்க உஷார். சூடோ பொதுவா எக்ஸ்போர்ட் பண்ணதையெல்லாம் கழட்டி விட்டுட்டுதான் ஓட்டும். மாட்யூல் எங்க போகணும்னு சொல்ற இன்ஸ்டால்_மாட்_பாத் எக்ஸ்போர்ட்ல மட்டும் இருந்தா அதுவும் காலி, மாட்யூல் எஸ்டி கார்டுக்குப் போகாம லேப்டாப்போட /லிப்/மாட்யூல்ஸ்லயே போய் உக்காரும். அதனால ஆர்ச், கிராஸ்_கம்பைல், இன்ஸ்டால்_மாட்_பாத் மூணையும் சூடோ மேக்குக்குப் பின்னாடி அதே வரில டைப் பண்ணிடுங்க.