மறு: பெரிகார்டைட்டிஸ்: இதய உறையா, இதயப்பையா?

> ‘இதய உறை வீக்கம்’ என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடுமே. அழற்சி எதற்கு?

வணக்கம் ஐயா,

பெரிகார்டைட்டிஸ் என்ற நோய்ப்பெயரைத் தமிழில் அப்படி எழுதினால் புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். வீக்கம் என்றால் இதயமே பெருத்துவிட்டது என்று படிப்பவர் நினைப்பார். இங்கே அழன்றிருப்பது அதைச் சுற்றியுள்ள பை. அதன் படலங்கள் துடிப்புக்குத் துடிப்பு ஒன்றோடொன்று உரசுவதை ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கவே முடியும். மல்லாந்து படுத்தால் வலி கூடும், எழுந்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தணியும். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அழற்சிக்கு நான்கு குறிகளை ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்தார். வீக்கம் அவற்றில் ஒன்றுதான். அழல் என்றால் தீ. லத்தீனிலும் இதற்குத் தீயை வைத்துத்தான் பெயர். நல்ல சொல், விட வேண்டாம்.

எனக்கு உறுத்துவது ‘உறை’தான். இதய நோய்க் கட்டுரையில் ‘ரத்த உறைவு’ அடிக்கடி வரும். அதன் பக்கத்தில் ‘இதய உறை நீர்’ என்று எழுதிப் பாருங்கள். உறைக்குள் இருக்கும் நீரா, உறைந்த நீரா?

அந்த நீர் முக்கியமானது. நலமாக இருக்கும்போதே படலங்களுக்கு நடுவே 15 முதல் 50 மில்லி வரை இருக்கும். அழற்சியில் அது பெருகலாம். மளமளவென்று பெருகினால் இதயம் விரிய இடமின்றித் திணறும். உடனே ஊசி போட்டு நீரை வடிக்க வேண்டிவரும். இத்தனையும் நடக்கிற இடத்தைப் பை என்பதுதானே இயல்பு? கருவைக் கொண்டது கருப்பை, பித்தத்தைக் கொண்டது பித்தப்பை, இதயத்தைக் கொண்டது இதயப்பை. ஆகவே ‘இதயப்பை அழற்சி’.

> ‘பெரி’ என்றால் சுற்றி. ‘இதயச் சுற்றுப்பை அழற்சி’தானே சரியான பெயர்ப்பு?

சரிதான் அம்மா, குறையில்லை. ஆனால் அதிலிருந்து அடுத்த சொல் கிளைக்க வேண்டுமே. ‘இதயச் சுற்றுப்பை நீர்த்தேக்கம்’ என்று ஒரு பத்தியில் நாலு தடவை எழுதினால் கை ஓய்ந்துவிடும். பை என்றாலே சுற்றித்தான் இருக்கும். முன்னொட்டைத் தனியாகப் பெயர்க்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அப்புறம், நீர் சேர்ந்து இதயத்தை நெருக்கும் அந்த நிலைக்கு, அதாவது டாம்பொனேடுக்கு, ‘இதய அமுக்கம்’ என்று முதலில் குறித்து வைத்திருந்தேன். இலங்கைத் தமிழில் ரத்த அழுத்தத்தைக் குருதி அமுக்கம் என்பார்கள், குழம்பிவிடும். இப்போதைக்கு ‘இதய நெரிவு’ என்று மாற்றியிருக்கிறேன். கொஞ்சம் மிரட்டலாக இருக்கிறதோ?