செத்த இதயத் தசை திரும்ப வளருமா?

புதுக்குடியிருப்பான்:
காலபோக வெட்டு நேரம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. எக்கோ ஸ்கேனில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) 35 வீதமாம், வரம்பில் கொஞ்சம் நடந்தாலே குந்திவிடுகிறார். கனடாச் சித்தப்பா ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறார், ஸ்டெம் செல் (வேறு கலங்களாக மாறக்கூடிய மூலக் கலம்) ஊசி போட்டால் புதுத் தசை வளருமாம், அம்மா வயலை ஈடு வைக்கலாம் என்று நிற்கிறார். உண்மையா இது?

உயிரியல் டீச்சர்:
தம்பி, வயலில் கை வைக்கவேண்டாம். பெரிய மாரடைப்பில் நூறு கோடித் தசைக் கலங்கள் வரை சாகும், அந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். 2009இல் சுவீடன் ஆய்வாளர்கள், பழைய அணுகுண்டுப் பரிசோதனைகளால் காற்றில் கலந்து நம் உடம்புக்குள்ளும் வந்த காபன்-14 என்ற கதிரியக்கக் காபனை வைத்து இதயத் தசைக் கலங்களின் வயதைக் கணக்குப் பார்த்தார்கள்: 25 வயதில் ஆண்டுக்கு ஒரு வீதக் கலங்கள்தான் புதுப்பிக்கின்றன, 75இல் அரை வீதமும் இல்லை. வரிக்குதிரை மீனின் இதயக் கீழறையில் ஐந்தில் ஒன்றை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடுகிறது, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வவுனியா_லாப்:
ஆராய்ச்சி பொய்யில்லை, டீச்சர். ஜப்பான் விஞ்ஞானி யமனாக்கா காட்டிய வழியில் தோல் கலத்தையோ இரத்தக் கலத்தையோ ஸ்டெம் செல் நிலைக்குப் பின்னுக்குத் திருப்பி, அதிலிருந்து துடிக்கிற இதயத் தசை செய்கிறார்கள். ஒசாக்காவில் 2020இல் அப்படிச் செய்த மெல்லிய தாளை ஒரு நோயாளியின் இதயத்தில் ஒட்டினார்கள், ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு இப்படிச் செய்த தசையை இதயத்தில் ஒட்டுப்போடுகிற வேலையை 2025இல் வெளியிட்டது. சிக்கல், புதுக் கலங்கள் தன்பாட்டில் துடித்து இதயத்தின் தாளத்தைக் குழப்பலாம், குரங்குகளில் அதைக் கண்டிருக்கிறார்கள். இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல் இருக்கிறது என்று வருடக்கணக்காகச் சொன்ன, முன்பு ஹார்வர்டில் இருந்த ஆய்வாளர் அன்வெர்சாவின் ஆய்வுகூடத்துக் கட்டுரைகளில் 31ஐ மீளப்பெறச் சொல்லி ஹார்வர்டே 2018இல் கேட்டது. விளம்பரக்காரர்கள் இன்னும் அந்தக் கதையைத்தான் விற்கிறார்கள். ஒழுங்கான ஆய்வு என்றால் பொதுவாக நோயாளியிடம் காசு கேட்கமாட்டார்கள்.

புதுக்குடியிருப்பான்:
சரி, சித்தப்பாவுக்கு இதையே அனுப்புகிறேன். அப்ப வேறு வழி இல்லையா? கிளினிக்கில் தந்த குளிசை ஒன்று தலையைச் சுற்றுகிறது என்று அப்பா கொஞ்ச நாளாக அதைப் போடுவதும் இல்லை.

கிளிநொச்சி நேர்ஸ்:
இதை முதலே சொல்லியிருக்கலாமே! பைசொப்ரோலோல், எனலாபிரில் மாதிரிக் குளிசைகள் செத்த தசையை எழுப்பாது, ஆனால் உயிரோடிருக்கிற தசையின் பாரத்தைக் குறைக்கும், ஒழுங்காகப் போட்டுப் பம்பிங் ஏறினவர்கள் நிறையப் பேர். அதுவும் இலவசம். அடுத்த தவணை வரைக்கும் காத்திருக்காமல் கொப்பியோடு போய்த் தலைச்சுற்றைச் சொல்லுங்கோ, அளவைக் குறைத்தோ நேரத்தை மாற்றியோ தருவார்கள். தானாக நிறுத்த விடாதீர்கள். உப்புக் கூடின கருவாடும் வேண்டாம்.

புதுக்குடியிருப்பான்:
குளிசைக்கு ஓமென்று சொல்லிவிட்டார். கருவாட்டுக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.